தவரத்தினத்தின் பெயரில் ஒரு ஞாயிறு

இரண்டு பேருக்கு ஒரு அடையாள காட் என்பது அப்போது பாரிசின் லா சப்பலில் பெரிய புதினமில்லை. தவரத்தினத்துக்கு அகதிக் காட் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. ஒரே அறையில் இருந்தோம். அவன் படத்தில் இருந்த மாதிரி நானும் மீசை விட்டால், வெள்ளைக்காரனுக்கு இருவரும் ஒருவர்தான். நான் தூரம் போவதென்றால் அவனுடைய காட்டைக் கொண்டுபோவேன். திரும்பும்வரை அவன் அறையை விட்டு அசைய மாட்டான்.

1986 செப்டெம்பரில், நான் கோப்பை கழுவிய உணவகத்தின் சமையற்காரர் ஜெரார், தன் ஊர் வைன் திருவிழாவுக்குக் கூப்பிட்டார். ரயிலில் இரண்டு மணி நேரம்.

"போட்டு வா லாசர்," என்று தவம் காட்டைத் தந்தான். "அஞ்சரைக்கு எனக்கு வேலை. அதுக்குள்ளை வந்திடு."

"ஓம், ரெண்டு மணி ரயிலைப் பிடிச்சிடுவன்."

சின்ன ஊர். மாதா கோயிலுக்கு முன்னால் சதுக்கம் முழுக்க நீள மேசைகள். ஒரு கிளாசைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். எந்தப் பீப்பாய்க்கு முன்னால் நின்றாலும் ஊற்றினார்கள். மன்னாரில் பூசையில் சுவாமியார் மட்டும் குடித்த வைனை இங்கே ஊரே குடித்தது. பெயர் கேட்டவர்களிடம் காட்டில் உள்ளபடி தவரத்தினம் என்றேன். "தவா, தவா" என்று பக்கத்தில் இருத்தினார்கள். பிரான்சுக்கு வந்த பதினொரு மாதத்தில் யாரும் என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னதில்லை.

ஒன்றரைக்கு எழுந்தேன். நேரம் போனதே தெரியவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கோயில் மணிக்கூடு என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. ஜெரார் கையைப் பிடித்து இழுத்தார், இருந்துவிட்டேன். அவர் அப்படியொன்றும் பலமாக இழுக்கவுமில்லை. அடுத்த ரயில் ஐந்துக்குத்தான்.

அறைக்கு வந்தபோது ஏழேகால். தவம் இல்லை. பக்கத்து அறைச் சிசிலியா அக்கா வாசலில் நின்றார்.

"அஞ்சு மட்டும் உன்னைப் பாத்துக்கொண்டு இருந்தவன். பிறகு வேலைக்குப் பிந்துது எண்டு வெளிக்கிட்டவன். மெத்ரோ வாசலிலை பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். காட் உன்னட்டையோ?"

பொலிஸ் நிலையத்துக்கு நானே கொண்டுபோயிருக்க வேண்டும். உள்ளே போனால் காட் இல்லாதவன் நான் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். காட்டை அக்காவிடம் நீட்டினேன். அவருக்கு விசா இருந்தது, அவர் போனார். வெட்கம் கெட்டவன் நான் கட்டிலில் இருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் அவனைக் கூட்டிவந்தார். வழியில் தவம் வேலைக்குப் போன் எடுத்தானாம். இனி வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

"ஏன் பிந்தினனீ?" என்று அக்கா கேட்டார்.

"ரயில் பிந்திப் போச்சு," என்றேன்.

அக்கா கிட்ட வந்தார். "குடிச்சிருக்கிறாய்."

தவத்துக்குக் கோபம் வந்தது, என்மேல் அல்ல. "திருவிழாவுக்குப் போனவன் குடியாமல் வருவானே அக்கா? ரயில் பிந்தினால் அவன் என்ன செய்யிறது? லாசர் எனக்குப் பொய் சொல்லமாட்டான்."

அக்கா தன் அறைக்குப் போய்விட்டார். தவம் எனக்குச் சோறு போட்டுத் தந்தான். சொல்லிவிட வேண்டுமென்று வாயைத் திறந்தேன்.

"ஆறப்போகுது, சாப்பிடு," என்றான்.

சாப்பிட்டேன்.