எட்டாவது கயிறு

ரோவன் தெருவில் புல்லுக்குக்கூட ஒழுங்கு உண்டு, மனிதர்களுக்குத்தான் கிடையாது. வேலிச்செடி ஒரு விரல் கூடுதலாக வளர்ந்தால் போதும், எதிர்வீட்டு ஜன்னல் திரை அசையும். அப்படிப்பட்ட தெருவில் ஆர்ச்சி பின்தோட்டத்தில் பந்தயப் புறா வளர்த்தார். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கார்ஸ்வெல்லுக்குத்தான் பொறுக்கவில்லை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கார் மேல் எச்சம் என்று வீடு வீடாக ஏறிப் புகாருக்கு ஆள் சேர்த்தான். என்னைத் தவிர தெருவே சேர்ந்தது. கவுன்சில் கூண்டைப் பிரிக்கச் சொன்னது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஆர்ச்சி போய்விட்டார்.

சாவு என்றதும் அதே ஜனங்கள் கேக்கும் பிஸ்கட்டுமாக அவர் மனைவி ஐசாவின் வாசலுக்கு வந்தார்கள். துக்கத்துக்கு அல்ல, கயிற்றுக்கு. எங்கள் ஊரில் எட்டுப் பேர் எட்டுக் கயிறு பிடித்துப் பெட்டியைக் குழிக்குள் இறக்குவோம். யார் யார் என்று வீட்டார் சொல்ல வேண்டும். கயிறு கிடைக்காதவன் வேடிக்கை பார்க்க வந்தவன். கார்ஸ்வெல் தனக்கு ஒன்று நிச்சயம் என்று கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். வெட்கங்கெட்டவன்.

புறாக்களை விரட்டிய கை எதுவும் பெட்டியை இறக்கக் கூடாது என்பதில் ஐசா பிடிவாதமாக இருந்தாள். ஆனால் பிள்ளைகள் இல்லை. ஆர்ச்சியோடு பந்தயம் விட்ட புறாக்காரர்கள் ஐந்து பேர், நான், அவள். ஏழுதான் தேறியது. ஆர்ச்சியோ கனத்த ஆள். தெருக்காரர் ஒருவரைக் கூப்பிடலாமே என்றார் அடக்கம் செய்பவர். அவள் ஏழு பெயர்களை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மழை சாய்ந்து அடித்தது. பெயர் கூப்பிட்டதும் ஏழு பேரும் போய் நின்றோம். எட்டாவது கயிறு ஈரப்புல்லில் கிடந்தது. கார்ஸ்வெல் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து குனிந்தான்.

"அத விடு," என்றாள் ஐசா. குரல் உயரவே இல்லை. "அவரோட புறா மேல கை வச்சல்ல, அது போதும். அவர் மேல வைக்காத."

"கனம் தாங்க மாட்ட ஐசா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நாப்பது வருஷமா தாங்குனவ நான். தள்ளி நில்லு."

அந்தக் கயிற்றையும் எடுத்து இன்னொரு கையில் சுற்றிக்கொண்டாள். பெட்டி அவள் பக்கம் சாய்ந்துதான் இறங்கியது. ஆனால் பத்திரமாக இறங்கியது.

கார்ஸ்வெல் வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். அடக்கம் முடிந்து ஓட்டலில் ஐசா கொடுத்த சாவுச் சாப்பாட்டுக்கு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். கயிறு உரித்துச் சிவந்த கையால் ஐசாவே அவன் தட்டில் இறைச்சியை வைத்தாள். அதையும் தின்றான்.