தண்ணீர் சாம்பிள்

ஆய்வகத்தில் அவளுக்குத் 'தண்ணி அக்கா' என்று பெயர். காலையில் முதல் ஊசி குத்துவதற்கு முன்னால் மெஷினுக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்துப் பார்ப்பாள். பூஜ்யம் காட்ட வேண்டும். தண்ணீரிலும் ரத்த அணுக்களை எண்ணிச் சொல்கிற மெஷினை நம்பி யாருக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது? கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், பதினோரு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட ஒரு ரிப்போர்ட்டும் தப்பானதில்லை.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஐந்து நாளாக ஒரு மாத்திரை டப்பா காலியாகக் கிடந்தது. புருஷன் பஸ் டிரைவர். நெஞ்சுக்குள் செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறைந்து மூளைக்கு ஏறாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. ஒரு வேளை தாமதமானாலே அவள் டப்பாவோடு அவர் முன்னால் வந்து நிற்பாள். போன வாரம் சுகமளிக்கும் கூட்டத்தில் போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "நெஞ்சுக்குள்ள வால்வு வெச்ச ஒரு டிரைவர் தம்பி இங்க இருக்கீங்க. கர்த்தர் உங்களுக்குப் புது இருதயம் குடுத்துட்டாரு. மாத்திரையத் தூக்கிப் போடுங்க" என்றார். மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். வீட்டுக்கு வந்த கையோடு மாத்திரை அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார்.

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாங்க. புது இருதயம்னா அதுல தெரிஞ்சிடுமே" என்று கெஞ்சினாள்.

"மெஷின்தான் உனக்கு தேவனா? கர்த்தரையே சோதிக்கிறியே!"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு ஆபரேஷன் அறை வாசலில் ஏழு மணி நேரம் மண்டியிட்டு அவரைத் திரும்ப வாங்கியவள் அவள். கர்த்தர் சுகம் தருவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. பயமெல்லாம் இது அவர் செய்ததுதானா என்பதில்தான். அவர் செய்ததென்றால் தடுப்பது பாவம். இல்லையென்றால், வாயை மூடிக்கொண்டிருந்தால் புருஷன் போய்விடுவார். ராத்திரியெல்லாம் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூட்ட வாசலில் எல்லோரும் ஜெபக் குறிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வேலை, வியாதி, உட்காரும் வரிசை என்று புருஷனும் ஒன்று விடாமல் எழுதினார்.

கர்த்தரை ஏன் சோதிக்க வேண்டும்? மெஷினைச் சோதித்தால் போதாதா?

ஞாயிறு மத்தியானம் கூட்ட வாசலில் சீட்டு வாங்கி எழுதிக் கொடுத்தாள்: 'ஒரே மகன். ஆறு வயதில் குடைக்கம்பி குத்தி வலது கண் பார்வை போய்விட்டது. கடிகாரம் ரிப்பேர் செய்கிறான்.' அத்தனையும் கற்பனை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதையே இன்னொரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, புருஷனின் சட்டைப் பையில் வைத்தாள்.

"என்ன இது?"

"தண்ணி. நான் சொல்றப்ப பிரிங்க."

உள்ளே உட்கார்ந்ததும் தலை குனிந்து கைகளைக் கூப்பினாள். ஆண்டவரே, இந்தப் போதகர் இதைச் சொல்லக் கூடாது, இவர் உம்முடைய ஆளாகவே இருக்கட்டும், என் சந்தேகம்தான் பாவமாகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தன் சோதனை தோற்க வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

போதகர் கண்ணை மூடினார். "ஒரு தாய்... ஒரே மகன்... குடைக்கம்பி தெரியுது எனக்கு. வலது கண்ணு. கடிகாரக் கடையில உக்காந்திருக்கான்..."

 யாரும் எழுந்திருக்கப் போவதில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவைக்காரி ஒருத்தி அலறிக்கொண்டு எழுந்தாள். "என் புள்ளதான்! பாக்குறான், பாக்குறான்!" பக்கத்திலிருந்த வாலிபன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேடையேறி, போதகர் நீட்டிய விரல்களை எண்ணினான். இதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. பொய் சொல்கிற மெஷினை அவளுக்குத் தெரியும். தண்ணீரே ரத்தமும் சதையுமாக எழுந்து நடந்ததை இன்றுதான் பார்த்தாள்.

"பாத்தியா! பாத்தியா!" என்று புருஷன் வலது கையால் தொடையில் தட்டிக் கொண்டாடினார்.

"பிரிங்க."

ஒரு கையாலேயே கவரைப் பிடித்து, பல்லால் கிழித்தார். இரண்டு தடவை படித்தார். "எப்ப எழுதின?"

"வாசல்ல. நமக்குப் பொறக்காத பையங்க அவன்."

மேடையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. பிறகு, தப்பு செய்த பிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு நாளா இடது கை மரத்து மரத்துப் போவுது. நேத்து ஸ்டியரிங்கே நழுவிடுச்சு. அவிசுவாசம் ஆயிடுமோன்னு சொல்லல."

அவள் அலறவில்லை. அலற நேரமில்லை. அவர் தோளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு இழுத்தாள். "ஆசீர்வாதம் வாங்காமப் போறீங்களே?" என்று கதவருகே நின்றவர் கேட்டார். அவரைத் தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் வண்டியை மறித்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போப்பா. சீக்கிரம்."

ஏறும்போது அவருடைய இடது காலும் துவண்டது. உள்ளே, அவர்களுக்குப் பிறக்காத பிள்ளைக்குப் பார்வை வந்ததற்காக ஆயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.