மௌரீன் வீட்டு டிராக்டரின் சைலன்சர்

என் புருஷனின் பெயர் ரெமிஜியஸ். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "என்னங்க" என்றுதான் கூப்பிடுவேன். மௌரீனோ அதைப் பாதியாக ஒடித்து, "ரெமி, ரெமி" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். என் வயிற்றெரிச்சல் அங்கிருந்துதான் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மௌரீன் ஆங்கிலோ இந்தியப் பெண். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய பங்களாவில் தனியாக இருந்தாள். அப்பா காலமாகிவிட்டார். தம்பிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அவளுக்கு மிஞ்சியது ஒரு பெரிய புல்வெளியும், அதை வெட்ட ஒரு குட்டி டிராக்டரும். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கக்காரன் ஒருவனிடம் அவள் அப்பா வாங்கிப் போட்டது அது. கன்றுக்குட்டி உயரம்தான் இருக்கும். உட்கார ஓர் இரும்பு இருக்கை, பின்னால் இழுத்துக்கொண்டு போகப் புல் வெட்டும் உருளை. கல்யாண ரிசப்ஷன்களுக்குப் புல்வெளியை வாடகைக்கு விட்டுத்தான் அவள் பிழைப்பு நடந்தது. என் மாமனார் அந்த வீட்டில் பட்லராக இருந்தவர். அந்தப் பழக்கத்தில், மில்லில் ஃபிட்டராக இருந்த இவர், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய் டிராக்டரை ஓட்டிக் கொடுப்பார்.

நாங்கள் பக்கத்திலேயே காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். டிராக்டரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கிளப்பினால் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் இனிக்கும். அது கேட்கிற வரையில் அவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கின்றன என்று அர்த்தம். எனக்கு அது போதும். சத்தம் நின்றால்தான் ஜெபமாலையைத் தேடுவேன்.

முட்டை வேகவைப்பதானாலும் சரி, கஷாயம் காய்ச்சுவதானாலும் சரி, எனக்கு ஜெபக் கணக்குதான் நேரக் கணக்கு. சத்தம் நின்றதும், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று ஆரம்பிப்பேன். ஜெபமாலையில் பத்து மணி உருள்வதற்குள் டிராக்டர் திரும்பக் கிளம்பினால், ஏதோ எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்திருக்கிறார் என்று விட்டுவிடுவேன். அடுத்த பத்துக்குப் போய்விட்டால் மாதாவே வந்தாலும் என்னைச் சமாதானப்படுத்த முடியாது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது என் முகம் உம்மென்றிருக்கும்.

"இன்னா நோரா, ஏன் ஒரு மாதிரி இருக்கே?"

"தலைவலி."

"எதுனாலே?"

உங்கள்மேல் சந்தேகம் என்று புருஷன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? "எல்லாம் அந்த டிராக்டர் சத்தம்தான். மண்டையைப் பொளக்குது" என்பேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். கிணற்றில் கல்லைப் போட்டாலாவது ஒரு சத்தம் வரும்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் ஆரம்பித்தபோது அவர் ஓர் இரும்புக் குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தினமும் மில்லிலிருந்து வந்ததும் கை டிரில்லை எடுத்துக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்துவிடுவார். குழாயைச் சுற்றிலும் பொடிப்பொடியாக ஓட்டை போட வேண்டுமாம். குழாய் உருளாமல் நான்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குங்க இது?"

"உனக்குத்தான்" என்றார், தலை நிமிராமல்.

குளிக்க வெந்நீர் பாய்லர் வேண்டும் என்று நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோனேன். உள்ளங்கை கன்றிப்போகும்படி பிடித்தேன். மில்லின் லேத்தில் விழும் இரும்புச் சுருளைக் கொண்டுவந்து, ஓட்டைக் குழாயைச் சுற்றி அடைத்து, அதன்மேல் பெரிய குழாயைச் செருகினார். அதையும் நான்தான் பிடித்தேன். ஆடுகோடிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அப்பாதுரையிடம் கொடுத்து இரண்டு முனையையும் ஒட்டவைக்கப் போவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். பாய்லர் வரும் என்று நானும் பின்கட்டில் இடம் ஒழித்து வைத்தேன்.

பாய்லர் வரவில்லை. சனிக்கிழமைதான் வந்தது.

மத்தியானம் சாப்பாட்டு வேளை தாண்டியும் டிராக்டர் சத்தம் இல்லை. இன்னும் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார் என்று பாத்திரம் கழுவினேன். துணியை அலசிக் காயப்போட்டேன். ஒரு முழு ஜெபமாலை முடிந்தது. சத்தம் இல்லை. அடுத்த வீட்டுக் காந்தா மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மமா அது?

"ஏங்கா, இன்னிக்கி அண்ணன் அங்க போவலியா?"

"போயிருக்காரு."

"சத்தமே காணோமே! நான் அப்பவே அந்த வழியா வந்தேன், கேட்டாண்ட அண்ணன் சைக்கிள் நிக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சத்தமே இல்லாம என்னாக்கா வேலை அங்க?"

அதற்குமேல் நிற்க முடியுமா? ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரும் அவளோடு கப்பல் ஏறிப் போய்விட்டால் நான் யாருக்காகச் சோறு வடிப்பேன்? எனக்குப் பிள்ளையா குட்டியா? அவரை விட்டால் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் எனக்கு?

கேட்டில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. புல் வெட்டுப்பட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆனால் பூனை குறட்டை விடுகிற அளவுதான் சத்தம். பக்கவாட்டில் என் குழாய், நான் கை கன்றப் பிடித்த குழாய், பளபளவென்று மாட்டியிருந்தது.

அது போகட்டும். டிராக்டருக்குப் பக்கத்திலேயே மௌரீன் நடந்துகொண்டிருந்தாள். பூப்போட்ட கவுன், தலையில் வைக்கோல் தொப்பி. ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். என் வீட்டில் ஒரு வார்த்தை பேசக் கூலி கேட்கிற மனிதர், வாய்விட்டுச் சிரித்தார்! பழைய சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. இப்போது கதை பேசிக்கொண்டே புல் வெட்டலாம். அதற்கு வழி செய்து கொடுத்தவள் நான். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

மௌரீன்தான் என்னை முதலில் பார்த்தாள். "ஓ, நோரா! கம், கம். தலைவலி எப்டி இருக்கு? போச்சா?"

"எந்தத் தலைவலி, மிஸ்ஸி?"

"ரெமி எல்லாம் சொன்னான். இந்த டிராக்டர் சத்தத்துல உனக்கு மண்டை பொளக்குதாம். பாவம். அதுக்குத்தான் இந்த சைலன்சர் பண்ணான். நான் கேக்கவே இல்லே. அவனே பண்ணான், உனக்காக."

வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே உருகியிருப்பாள். எனக்கு உருகவில்லை. என் தலைவலியை இவளிடம் சொல்ல இவருக்கு எப்போது நேரம் கிடைத்தது? எத்தனை ஜூஸ் குடித்தால் இவ்வளவு விவரம் சொல்ல முடியும்?

அவர் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "இன்னா நோரா, இப்ப கேக்குதா வீட்டுக்கு?" என்றார். பரீட்சையில் பாஸான பையன் முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"சத்தம் கேட்டா எனக்குத் தலைவலி இல்லீங்க. சத்தம் நின்னாத்தான் தலைவலி."

மௌரீனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிய நேரமாயிற்று. என்னைப் பார்த்தார், மௌரீனைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்து சைலன்சரைக் கழற்றினார். கொதிக்கிற குழாயைக் கோணியில் பலமாகச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"பாய்லருக்கு வெச்சுக்கோ" என்றார்.

பிறகு டிராக்டரைக் கிளப்பினார். சைலன்சரே இல்லாத வெறும் குழாய். அப்பப்பா, மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. மௌரீன் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். அவள் கதவைச் சாத்துவதைப் பார்த்த பிறகுதான் நான் கிளம்பினேன்.

கோணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். குழாயின் சூடு மெல்ல இடுப்பில் உறைத்தது. பின்னாலேயே சத்தம் வந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதமாகக் குனிந்து உட்கார்ந்து எனக்காகத்தானே ஓட்டை போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் மனசில் பட்டது.

பாதி வழியில் சத்தம் நின்றது.

நானும் நின்றேன். உருளையில் குச்சி ஏதாவது சிக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். "பிரியதத்தத்தினாலே..." என்று ஆரம்பித்தேன். ஒரு மந்திரம் முடிந்தது. பத்துவரை பொறுக்க முடியவில்லை. கால் தானாகத் திரும்பிவிட்டது.

கேட்டில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், தெருவையே பார்த்தபடி.

"வருவேன்னு தெரியும்" என்றார். "சும்மாதான் நிறுத்தினேன். இத்தினி வருஷமா இப்படித்தான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கியா நோரா?"

குரலில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. என் கண் தளும்பிவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

தலையாட்டிக்கொண்டே, மௌரீன் எங்கே என்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.