ஞானேஸ்வரியின் பெயரில் ஒரு சான்றிதழ்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அலுமாரியில், பட்டச் சான்றிதழுக்குக் கீழே, இன்னொரு சான்றிதழ் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மாத்தறையில் நடந்த தேசிய நடன விழாவில் கோலாட்டம் ஆடியதற்காகக் கொடுத்தது. அதில் எழுதியிருக்கும் பெயர் என்னுடையது அல்ல.

அப்படியானால் அது ஏன் என்னிடம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். இந்தக் கதையை நம்பாமல் வாசிப்பதே நல்லது.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "கண்டி வாவியின் மேல் பனிமூட்டம் படர்ந்திருந்த அந்தக் காலையில், பன்னிரண்டு மாணவிகளின் கண்களில்"

விட்டுவிட்டேன். அன்று பனிமூட்டம் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. யாருடைய கண்களையும் நான் பார்க்கவுமில்லை. அந்த வயதில் நான் பெரும்பாலும் நிலத்தைத்தான் பார்த்தேன்.

இரண்டாவது வரைவு: எங்கள் கல்லூரியின் கோலாட்டக் குழு தேசிய விழாவுக்குத் தெரிவானது. மாத்தறைக்குப் போய்வர பஸ் வாடகையில் பாதியைக் கல்லூரி தந்தது. மீதியை நாங்கள் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பால்மா டின்கள், கண்டி நகரில் பன்னிரண்டு கடைகள். மூடியில் ஒரு துளை. வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொருத்தியும் தன் டின்னைக் கல்லூரிக்குக் கொண்டுவருவாள். சனிக்கிழமை திரும்பவும் கடையில் வைப்பாள். நான் ஆடுபவள் அல்ல. உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்ததால் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.

டின்களைப் பூட்டலாம் என்று நான்தான் சொன்னேன். நடனம் பழக்கிய பாலாம்பிகை டீச்சர் யாழ்ப்பாணத்தவர். அவர் சிரித்தார்.

"பூட்டுப் போட்டா கடைக்காரர் தங்களை நம்பேல்லை எண்டு நினைப்பினம். சும்மா மூடி விடும். கடைசி வெள்ளி எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டி எண்ணுவம்."

இதுவரை எல்லாம் உண்மை. இனித்தான் கவனமாக வாசிக்க வேண்டும்.

3

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. டின்னைத் திறக்காமலே பணம் கூடுகிறதா குறைகிறதா என்று அறியலாம். ஆய்வுகூடத்தில் தராசு இருக்கிறது. வாரந்தோறும் பன்னிரண்டு டின்களையும் நிறுத்து, கொப்பியில்

இல்லை. பன்னிரண்டையும் நிறுத்தேன் என்று நான்கு வரைவுகளில் எழுதிவிட்டேன். அது பொய். நான் நிறுத்தது ஒரு டின்னை மட்டும். ஞானேஸ்வரியின் டின்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: ஞானேஸ்வரி வீடு மஹய்யாவயில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில். அவளுடைய அம்மா அங்கம்மா நகரசபையில் தெரு கூட்டுபவர். நான் ஏன் அவளுடைய டின்னை மட்டும் நிறுத்தேன் என்பதற்கு வேறு ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன். பதினொரு வருடமாகியும் வேறு காரணம் கிடைக்கவில்லை.)

அவளுடைய டின் இருந்தது றவூப் நானாவின் துணிக்கடையில். கொப்பியில் உள்ளபடி:

முதல் வெள்ளி, 640 கிராம்.
இரண்டாம் வெள்ளி, 1,310 கிராம்.
மூன்றாம் வெள்ளி, 705 கிராம்.

டின் மெலிந்துவிட்டது. மூன்றாம் முறை தராசை இரண்டு தரம் சரிபார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கவலை வரவில்லை. கணக்கு ஒன்றுக்கு எதிர்பார்த்த விடை வந்தபோது வரும் திருப்திதான் வந்தது.

4

அந்த மூன்றாம் வெள்ளிதான் கடைசி வெள்ளி. நிறுத்தது காலையில். டீச்சரிடம் சொன்னது பின்னேரம். இடையில் பன்னிரண்டு டின்களும் மண்டபத்தில் ஒரே பாயில் கொட்டப்பட்டன. எந்த டின்னில் எவ்வளவு இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மாதிரிகளைக் கலந்துவிட்டால் சோதனை செத்தது என்பது எனக்குத் தெரியும். ஏன் காலையிலேயே சொல்லவில்லை? கூச்சம் என்று எழுதலாம். வாசகர் நம்பிவிடுவார், அதனால் எழுதவில்லை.

டீச்சர் பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இஞ்ச பாருங்கோ, எவ்வளவு தாள்க்காசு! சில்லறைதான் வரும் எண்டு நினைச்சன். ஆர் இவ்வளவு தாள் போட்டது?"

அந்தக் கேள்விக்குப் பதில் என் கையிலிருந்த கொப்பியில் இருந்தது. நான் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸுக்குப் போதுமான பணம் இருந்தது. அதற்குப் பிறகுதான் கொப்பியைக் கொடுத்தேன்.

டீச்சர் ஞானேஸ்வரியை மட்டும் நிற்கச் சொன்னார்.

"மூடியக்கூட நான் தொடல டீச்சர். கடையில இருந்து எடுத்தேன், இங்க கொண்டாந்து வச்சேன். அவ்வளவுதான்."

"அப்ப அறுநூறு கிராம் எங்க போனது?"

"கிராமா?" ஞானேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நிறுத்துப் பாத்தீங்களா? எல்லார்டதையுமா?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். கோபத்தில் சிலருக்கு அப்படித்தான் வரும்.

"சரி, சரி. மஹய்யாவன்னா திருடத்தான் செய்வோம். எழுதிக்குங்க கொப்பியில."

டீச்சர் கெட்டவர் அல்ல. அதிபரிடம் போனால் இன்னும் மோசமாகும் என்று அவர் நினைத்தார். விஷயம் வெளியே போகாது, ஆனால் ஞானேஸ்வரி மாத்தறைக்கு வரமாட்டாள் என்று முடிவானது. அவள் தன் கோல்கள் இரண்டையும் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த தவணை கல்லூரிக்கு வரவில்லை.

5

கதையை இங்கே முடித்தால் அது ஒரு திருட்டுக் கதை. பதினொரு வருடம் நான் அப்படித்தான் முடித்து வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சட்டைத் துணி வாங்க றவூப் நானாவின் கடைக்குப் போனேன். மேசையில் ஓர் அநாதை இல்லத்தின் உண்டியல் டின் இருந்தது. நானா அதன் மூடியைத் திறந்து சில்லறையைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குள் பழைய தராசு அசைந்தது.

"என்ன மகள் அப்பிடிப் பாக்குறீங்க? களவெடுக்கிறேன்னு நெனச்சீங்களோ?"

"இல்ல நானா."

"நாளைக்கி ஜும்ஆ. விடிஞ்சா கடை வாசல்ல ஸதகா கேட்டு வரிசையா வருவாங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒண்டு ரெண்டு வைக்கோணும். அவ்வளவு சில்லறைக்கி நான் எங்க போறது? கடையில சில்லறை பத்தாத வாரம் டின்னுல ஈக்கிற சில்லறைய எடுத்துட்டுத் தாள வைப்பேன். அஞ்சு பத்து கூட வைப்பேனே தவிர கொறைக்க மாட்டேன். எங்கட வாப்பா காலத்துலேந்து இப்பிடித்தான்."

நூறு ரூபாய்த் தாள் ஒரு கிராம்கூட வராது. அதே பெறுமதிக்குச் சில்லறை எவ்வளவு கனக்கும் என்று கடையில் நின்றபடியே மனத்தில் கணக்குப் போட்டேன். துணி வாங்க மறந்துவிட்டேன்.

"பதினொரு வருசத்துக்கு முந்தி இங்க ஒரு டின் இருந்திச்சு நானா. டான்ஸ் பிள்ளைகள்ட. அதுலயும் மாத்தினீங்களா?"

"எந்த டின்னா இருந்தாலும் மாத்துறதுதான் மகள். அந்தப் புள்ள நல்ல புள்ள. எடுக்க வரக்குள்ள ஸலாம் சொல்லுவா, எங்களுக்காக. அவ ஆட்டத்துக்குப் போனாவா?"

6

இப்போது ஒரு பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஞானேஸ்வரியை அல்ல.

கோலாட்டம் சோடியாக ஆடுவது. பதினொரு பேர் ஆட முடியாது. அன்று பின்னேரமே டீச்சர் கேட்டார்: "ஆருக்காவது எல்லா அடியும் தெரியுமே?"

வகுப்பில் விடை தெரிந்தாலும் கை உயர்த்தாத நான் கை உயர்த்தினேன். ஒத்திகை நடந்த அத்தனை நாளும் மூலையில் கொப்பியோடு இருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் அடியும் எனக்குத் தெரியும். பாயின் ஓரத்தில் இருந்த கோல்களை நானே எடுத்தேன்.

பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே விழாவுக்குப் போயிருந்தது, மாற்ற முடியவில்லை. மாத்தறை மேடையில் ஒலிபெருக்கி "ஞானேஸ்வரி" என்று அழைத்தது. நான் போய் நின்றேன். நன்றாகவே ஆடினேன்.

டின்னை நிறுத்தபோதே இது என் மனத்தில் இருந்ததா? இருந்தது என்று ஒரு வரைவில் எழுதினேன். இல்லை என்று இன்னொன்றில். இரண்டையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

7

முடிவுகள்.

(அ) சான்றிதழை உறையில் இட்டு, பெயர் போடாமல், தபாலில் அனுப்புகிறேன். இது எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே வேண்டாம்.

(ஆ) ஞானேஸ்வரி என்னை மன்னித்து, இருவரும் வாவியோரம் நடந்து

வேண்டாம். அவளுக்காக நான் ஏற்கெனவே ஒருமுறை ஆடிவிட்டேன். பேசவும் வேண்டாம்.

(இ) நேற்று நடந்தது. மஹய்யாவயில் இரண்டு இடத்தில் வழி கேட்டு, வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவர் அங்கம்மா. தலை நரைத்திருந்தது. என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"ஞானேஸ் வேலைக்குப் போயிருக்கும்மா. ஆறு மணிக்கு வந்துரும். உள்ள வாங்க, உக்காருங்க."

நான் வாசலிலேயே நின்றேன்.

"கூடப் படிச்ச புள்ளயா? பாத்த மாதிரி இருக்கு. பேரு என்னம்மா?"

இந்தக் கதையில் எல்லாருடைய பெயரும் இருக்கிறது, என்னுடையதைத் தவிர. நீங்கள் அதைக் கவனித்திருப்பீர்கள். மாத்தறையில் இன்னொருத்தியின் பெயரைக் கூப்பிட்டபோது தயங்காமல் போனவள் நான்.

அங்கம்மா கதவைப் பிடித்தபடி காத்திருக்கிறார். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பதை நீங்கள் எழுதுங்கள். நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன்.