புதன்கிழமைப் புள்ளி

பெண்டாட்டி பொருளாதாரம் படிக்கத் தொடங்கும்வரை மோசஸுக்கு அதன்மேல் எந்தப் பயமும் இருந்ததில்லை. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் ஒன்பது வருஷமாகக் கண்டக்டர். ஏறுகிறவனிடம் காசு வாங்கி, இறங்குகிறவனிடம் சண்டை பிடித்து, நடுவில் விசிலும் ஊதுகிற ஆள். அவன் ஒரு கிராஃப் தாளைப் பார்த்து நடுங்கினான் என்றால் சிரிப்பு வரும். ஆனால் அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது.

காரணம் புதன்கிழமை. அவன் முறை விடிகாலை ஐந்துக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு முடியும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அதோடு நிற்காமல் ராத்திரி எட்டுவரை டபுள் டூட்டி பார்ப்பான். டபுள் டூட்டி நாளில், அன்றன்றைக்குக் கையில் தருகிற பேட்டா வசூலைப் பொறுத்து அந்தக் காலத்து ஐந்து ரூபாய் சொச்சம் வரும். அப்பனும் ஆத்தாவும் படாளத்துக் கழனிகளில் கூலிக்கு உழைத்தவர்கள். உட்கார்ந்த உடம்புக்குச் சோறில்லை என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, மாமல்லபுரத்தில் வண்டி நின்றபோது அவன் கால்கள் கெஞ்சின. மாற்று ஆளான உலகநாதனிடம் பையைக் கொடுத்து, "இன்னிக்கி நீ பாரு அண்ணாத்த" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தான். சவுக்கு மரத்து நிழலில் உட்கார்ந்தான். ஒன்றும் செய்யவில்லை. ஆறு மணி நேரம் ஒரு ஆள்கூட அவனிடம் மீதிச் சில்லறை கேட்கவில்லை. அடுத்த புதனும் போனான். அப்புறம் எல்லாப் புதனும் போனான்.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. ஜெசிந்தா திட்டுவாள் என்கிற பயமில்லை. திட்டமாட்டாள், அதுதான் தொல்லை. அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். விடிவதற்குள் எழுந்து, அடுப்பு பற்றும் நேரத்தில் புத்தகத்தைப் புரட்டி, தபால் வழியில் பி.ஏ. படிக்கிறவள். மே மாதம் பரீட்சை. பாஸ் செய்தால் சம்பளம் ஏறும். அப்படிப்பட்டவளிடம் போய், 'நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்' என்று எந்த வாயால் சொல்வது? செவ்வாயும் வியாழனும் மதியச் சாப்பாட்டை விட்டு, டீயும் பன்னுமாகச் சமாளித்து, மிச்சம் பிடித்ததைப் புதன்கிழமை அரைநாள் பேட்டாவோடு சேர்த்து நாலு ரூபாயாக அவள் கையில் வைப்பான். "புதன்ல கூட்டமே இல்ல" என்பான். அவளும் நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுக்கப் போனவனை ஜெசிந்தா கூப்பிட்டாள். தரையில் கிராஃப் தாள், ஸ்கேல், பென்சில். பிள்ளைகள் இரண்டும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தன.

"இன்னாங்க, இப்டி வாங்க. உங்கள வச்சுத்தான் படம் போடப் போறேன்."

"என்ன வச்சா? இன்னாத்துக்கு?"

"சொந்த உதாரணம் எழுதுனா மார்க்கு போடுவாங்க. மனுசனுக்கு நாளைக்கு இருவத்திநாலு மணி நேரம். வேல செஞ்சா காசு, செய்யலன்னா ஓய்வு. ரெண்டும் வோணும், ஆனா ஒண்ண வுட்டாத்தான் இன்னொண்ணு. கீழ்க்கோட்டுல ஓய்வு, பக்கத்துக் கோட்டுல ரூபா." அவள் சாய்வாக ஒரு நேர்கோடு போட்டாள். "இது உங்களால முடிஞ்சது." அதைத் தொட்டாற்போல் வளைவாக இன்னொன்று. "இது உங்க மனசு. சமநோக்கு வளைகோடு. இதுல எங்க நின்னாலும் ஒரே திருப்திதானாம். ரெண்டும் எங்க தொடுதோ, அதான் மனுசன் எடுக்குற முடிவு."

"யாரு சொன்னது?"

"பொஸ்தவம்."

மோசஸ் எழுந்துவிடலாமா என்று பார்த்தான். அதற்குள் அவள் வீட்டுச் செலவு நோட்டை எடுத்துவிட்டாள். தினமும் அவன் தரும் பேட்டாவைத் தேதி போட்டு எழுதிவைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. டபுள் டூட்டி இல்லாத நாட்களை வலது பக்கம் புள்ளி வைத்தாள். ஓய்வு அதிகம், காசு கம்மி. திங்களும் வெள்ளியும் இடது பக்கம். ஐந்து பத்து, நாலு எண்பத்தஞ்சு, ஐந்து முப்பத்தஞ்சு. கடுகு இறைத்தாற்போல் மேலும் கீழுமாக விழுந்தன. பிறகு புதன்கிழமைக்கு வந்தாள்.

நாலு ரூபாய். நாலு ரூபாய். மறுபடி நாலு ரூபாய். மற்ற நாளில் பையைக் கவிழ்த்துக் கொட்டுகிறவன், புதன்கிழமை மட்டும் எண்ணி எடுத்துவைத்ததை நீட்டியிருக்கிறான். ஒன்பது வருஷம் காசு எண்ணிய மனுஷனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். மணியும் மாறவில்லை, தொகையும் மாறவில்லை. பென்சில் முனை ஒரே இடத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. பதினாறாவது புதனுக்குத் தாள் ஓட்டையாகிவிட்டது.

ஜெசிந்தா தாளைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ஓட்டை வழியே வெளிச்சம் வந்தது.

"புதன்கிழமை உங்க வண்டில ஏறுறவங்க எல்லாம் பேசி வச்சிகினு ஏறுவாங்களா?" என்று கேட்டாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தோடு போயிற்று என் புதன்கிழமை என்றுதான் அவன் மனசு அடித்துக்கொண்டது. பொய் சொன்ன வெட்கம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

"சாப்பாட்டயா வுட்டீங்க?" என்றாள். பிறகு, "அங்க இன்னா பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"ஒண்ணுமேவா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. பொறாமை இருந்தது. பசித்தவள் அடுத்த வீட்டுச் சோற்றைப் பார்க்கிற மாதிரி கேட்டாள். இதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று மோசஸுக்குத் தோன்றியது.

"உன் படத்தயும் போடு" என்றான்.

"என்னுதா? காலைல நாலு மணிக்கு எழுந்திருக்கேன். தண்ணி, அடுப்பு, புள்ளைங்க. பத்துலருந்து நாலர வரிக்கும் ஸ்கூலு. அப்பால மறுபடி அடுப்பு, துணி, பாடம். பத்து மணிக்குப் படுக்கறேன்." பென்சிலை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா ஸ்கூலுக்கு மட்டுந்தான் சம்பளம். சமையலுக்கு யாரு காசு குடுக்கறாங்க? காசில்லாதது வேல இல்ல. அப்ப பொஸ்தவப்படி அதெல்லாம் ஓய்வு. உங்கள வுட எனக்குத்தான் ஓய்வு ஜாஸ்தி."

மோசஸால் சிரிக்க முடியவில்லை. "புதன்கிழம டூட்டிய திருப்பி வாங்கிக்கறேன்" என்றான்.

"வோணாம். வர்ற புதன் அரை நாள் லீவு போடறேன். நீங்க வூட்ல இருங்க. நான் போறேன்."

அப்படியே நடந்தது. புதன்கிழமை இரண்டேகாலுக்கு மோசஸ் வீட்டுக்கு வந்தான். இரண்டரை வண்டியில், உலகநாதன் விசில் ஊத, அவள் ஏறிப் போனாள். பையில் புத்தகம் வைத்திருந்தாள். ஆறரைக்குத் திரும்புவதாகப் பேச்சு.

அவன் தெருக்குழாயில் வரிசையில் நின்று ஐந்து குடம் தண்ணீர் பிடித்தான். சின்னவன் பள்ளிக்கூடத்திலிருந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். பெரியவளுக்குப் பின்னல் போடத் தெரியாமல் தலைமுடியைக் கயிறு மாதிரி முறுக்கி விட்டான், அவள் அழுதாள். அரிசியில் கல் பொறுக்கும்போதுதான் இடுப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. ஓய்வு எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று புத்தகத்தை நினைத்துப் பல்லைக் கடித்தான்.

ஐந்தரை மணிக்கே ஜெசிந்தா வாசலில் நின்றாள்.

"கடல் எப்டிம்மா இருந்திச்சி?" என்று பிள்ளைகள் ஓடின.

"பெருசா இருந்திச்சி. அலை நல்லா அடிச்சிது. காலு நனைச்சேன்" என்றாள்.

மோசஸ் அவளைப் பார்த்தான். சேலைக் கரையில் துளி மணல் இல்லை. இடது கன்னத்தில் நெற்றியோரத்திலிருந்து தாடைவரை இரண்டு கோடு, சிவந்து பதிந்திருந்தது. பஸ் ஜன்னல் கம்பி. இப்படிக் கன்னத்தோடு தூங்கிப்போனவர்களை அவன் ஒன்பது வருஷமாகத் தட்டி எழுப்பியிருக்கிறான். போக ஒன்றேகால் மணி, வண்டி திரும்பக் கால் மணி, வர ஒன்றேகால் மணி. பாதி வழியில் திருக்கழுக்குன்றம் வருவதற்குள்ளேயே அவள் சாய்ந்திருப்பாள். எழுப்ப உலகநாதனுக்கு மனசு வந்திருக்காது. மாமல்லபுரம்வரை போய், கடலைப் பார்க்காமலே அதே சீட்டில் திரும்பி வந்திருக்கிறாள். தூங்கினேன் என்று சொல்ல அவளுக்கும் வெட்கம்.

நாலு மாதம் பொய் சொன்னவனுக்கு அந்தப் பொய் உடனே புரிந்தது. கிட்டத்தில் போய், பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னான்:

"அடுத்த புதனும் நீயே போ. ஜன்னலாண்ட உக்காராத, கம்பி குத்தும். நடு சீட்ட வுட்டு வைக்கச் சொல்றேன்."

ஜெசிந்தா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.