ஆஜர் சொல்லாத விளக்கு

மேடை விளக்குக்காரர் பழைய கார் ஒன்றை விலைக்குப் பார்க்க வந்தது வேலைக்குத் திரும்புவதற்காக. நாடக அரங்கில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷனுக்குப் பிறகு வலது கால் மடங்காமலே நின்றுவிட்டது. "உக்காந்தபடி விளக்குப் பலகையைப் பாத்துக்கிட்டா போதும், வாங்க" என்று அரங்கத்தார் நல்ல மனதோடு சொல்லியிருந்தார்கள். அங்கே போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. பஸ் படி ஏற முடியாது. வாடகைக் காரிலும் பின்சீட்டில் கால் கொள்ளாது; தினமும் எடுக்கக் கட்டுப்படியும் ஆகாது. முன்சீட்டைக் கடைசி வரைக்கும் தள்ளினால்தான் அவரால் உட்கார முடியும்.

ஓட்டப் போகிறவள் அவர் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். பார்த்த வண்டிகளிலெல்லாம் முன்சீட்டு குறுகல், அல்லது டிக்கியில் சக்கர நாற்காலி நுழையவில்லை. இதுவும் சரிப்படாவிட்டால் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும். வழியெல்லாம் அவள் கடவுளை வேண்டிக்கொண்டே வந்திருந்தாள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே தூண்களுக்கு நடுவே வண்டி கழுவித் துடைத்து நின்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இந்த வண்டியைப் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்கோம். ஒரு காலத்துல சிவப்பா ஒரு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான் ஏறவே மாட்டேன்னுட்டேன். இவர்தான் ஒரே நாள்ல சரி பண்ணிட்டு வந்து நின்னாரு. அதுக்கப்புறம் அது எட்டிக்கூடப் பாக்கலை!"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "போதும்மா. வண்டியை அவங்க பாக்கட்டும்."

"பாக்கட்டுமே. நான் என்ன கண்ணையா மூடுறேன்?"

விளக்குக்காரர் முன்சீட்டில் ஏறினார். சீட்டு வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. கால் நீட்ட இடம் கிடைத்தது. மனைவியைப் பார்த்துச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் அதிகம் பார்த்ததில்லை.

"டிக்கியில நாற்காலி நுழையுதான்னு பாப்போம், வா கண்ணு" என்று கடைக்காரர் மனைவி அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனார். மூடி தூக்கப்பட்டது. "அப்படி இல்ல, சாய்ச்சு வை" என்ற குரல் பின்னாலிருந்து கேட்டது.

கடைக்காரர் ஓட்டுநர் சீட்டில் ஏறிக்கொள்ள, முன்னால் ஆண்கள் இருவரும் தனியானார்கள்.

"அண்ணே, இஞ்சினைக் கிளப்ப வேண்டாம். சாவியை மட்டும் திருப்புங்க" என்றார் விளக்குக்காரர்.

கடைக்காரர் திருப்பினார். டாஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாகச் சிறு படங்கள் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன.

"இன்னொரு தடவை."

மறுபடியும் எரிந்தன, அணைந்தன.

விளக்குக்காரருக்கு இது தொழில் வழக்கம். திரை விலகும் முன் அரங்கின் எல்லா விளக்கையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பார். எரிகிற விளக்குகளில் அவர் கண் நிற்காது, எரியாததைத்தான் தேடும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வாடகைக் கார்களில் முன்சீட்டில் உட்கார்ந்து இந்தப் படங்களை அவர் பார்த்துப் பழகியிருந்தார்.

குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, எல்லாரும் வந்து ஆஜர் சொல்லிட்டுப் போறாங்க. உக்காந்திருக்கிற ஆள் படம் ஒண்ணு இருக்குமே, ஏர்பேக்குக்கு, அது மட்டும் வரலை."

கடைக்காரரின் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

"நான் அக்கா காதுல விழாமத்தான் கேக்குறேன்" என்றார் விளக்குக்காரர்.

பின்னால் இரண்டு பெண்களும் எதற்கோ சிரித்தார்கள்.

"கறுப்பு டேப்பு தம்பி" என்றார் கடைக்காரர் கடைசியில். "உள்ள அந்த லைட்டு மேல ஒட்டியிருக்கு. அன்னிக்கு இவ தங்கச்சி வீட்டு விசேஷம். இவ வண்டியில ஏற மாட்டேன்னு அழுதா. மெக்கானிக் ரிப்பேருக்கு ஒரு வாரம் ஆகும்னான். இன்னிக்கு ஒரு நாளைக்கு மறைச்சுக் குடுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்னேன். வீட்டுக்கு வந்ததும் அவ என்னைப் பெரிய சூரன்னு கொண்டாட ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

விளக்குக்காரர் கோபப்பட்டிருந்தால் அது நியாயம்தான். மோதினால் ஏர்பேக் விரியாமல் போகக்கூடிய வண்டியில், நகர முடியாத ஒருவரை முன்சீட்டில் உட்காரவைக்க இருந்தார்கள். அந்த நினைப்பு அவருக்கும் வந்தது. ஆனால் தானே விழுந்து நொறுங்கியவருக்கு இன்னொருவர் விழுவதை வேடிக்கை பார்க்க மனம் வரவில்லை.

"எங்களுக்கு இந்த வண்டி வேணும்ணே. சரி பண்ணிட்டு எடுத்துக்கிறோம். அக்காகிட்ட நான் எதுவும் சொல்லப் போறதில்லை."

கடைக்காரர் கதவைத் திறந்து இறங்கி, நேராகப் பின்னால் போனார். மூடி திறந்தேயிருந்ததால் அவர் சொன்னது முன்சீட்டு வரை கேட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் மனைவி நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றார்.

"இத்தனை வருஷமா உங்களை மெக்கானிக்குக்கெல்லாம் மெக்கானிக்குன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டேனே! முன்சீட்டுல உக்காந்துட்டு வந்தது நான்தானே?"

"நீதான்."

"அது போகட்டும். என்னைக் கடவுள் காப்பாத்திட்டாரு. நடக்க முடியாத இந்தத் தம்பி தலையில கட்டப் பாத்தீங்களே, உங்களுக்கு மனசு எப்படி வந்துச்சு?"

"வரலைம்மா. அதான் இறங்கி வந்து சொல்லிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் டிக்கியைப் படாரென்று மூடினார். நாற்காலி உள்ளே கச்சிதமாக நின்றிருந்தது. "ஏறுங்க எல்லாரும். இப்பவே ஒர்க்‌ஷாப்புக்குப் போறோம். தம்பி, நீங்க பின்னாடி..." என்று தொடங்கியவர் அந்தக் காலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, முன்னாடியே இருங்க. என்னங்க, நீங்க மெதுவா ஓட்டுங்க. கட்டை வண்டி முந்திட்டுப் போனாலும் பரவாயில்லை."

கடைக்காரர் அப்படியேதான் ஓட்டினார்.

ஒர்க்‌ஷாப்காரர் டாஷ்போர்டைக் கழற்றி டேப்பைப் பிய்த்துச் சாவியைத் திருப்பியதும், ஒளிந்திருந்த சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்து, முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்தது சிவப்புத் துணியில் பூப்போட்ட ஒரு மடக்குக் குடை.

"இதோட கம்பி ஏர்பேக் ஒயர்ல மாட்டி, இணைப்பு பாதி கழண்டு கிடக்கு. குடை யாருது?"

கடைக்காரர் மனைவியின் முகம் குடையைவிடச் சிவப்பாகிவிட்டது.

"என் தங்கச்சி எடுத்துட்டுப் போயிட்டான்னுல்ல நினைச்சேன்" என்றார் மெல்ல. "அவகிட்ட ஜாடையா கேக்கக்கூட செஞ்சுட்டேன்."

"அப்போ நாம ரெண்டு பேரும் சேந்துதான் வண்டியைக் கெடுத்திருக்கோம்" என்றார் கடைக்காரர்.

"ரொம்பக் குளிர்ந்துபோயிடாதீங்க. டேப்பு உங்களோடதுதான்."

ஒர்க்‌ஷாப்காரர் இணைப்பைச் சுத்தம் செய்து அழுத்திப் பொருத்தினார். ஒயர் முழுவதையும் சோதித்தார். கருவி ஒன்றை மாட்டி, வண்டியின் நினைவில் இருந்த பழைய பிழையை அழித்தார். பிறகு விளக்குக்காரர் மனைவியைச் சாவி திருப்பச் சொன்னார். உட்கார்ந்திருக்கும் ஆள் படம் சிவப்பாக வந்தது. படம் அணைந்தது. மறுபடி வரவில்லை.

"நம்பி ஏறலாம்" என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

விளக்குக்காரர் மனைவி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "நன்றி" என்று அவள் சொன்னது இன்னாருக்கு என்று பிரிக்க முடியாது. கடவுளுக்கும் சேரும், ஒயரைப் பொருத்திய கைக்கும் சேரும், பின்சீட்டுக்கு மாறித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கடைக்காரருக்கும் சேரும். உண்மை தாமதமாக வந்தாலும் வந்ததே என்று வரவேற்கிறவர்கள் இருக்கும்வரை, சொல்லத் துணிகிறவர்களும் இருப்பார்கள்.

வண்டியை அவர்களே எடுத்துக்கொள்வதாக முடிவானது. முதல் சவாரியாகப் பழைய சொந்தக்காரர்களை வீட்டில் இறக்கிவிடப் புறப்பட்டார்கள்.

"தம்பி," என்று பின்னாலிருந்து கடைக்காரர் தயங்கினார், "நீங்க அன்னேரம் சத்தம் போட்டுக் கேட்டிருந்தா, நான் இல்லவே இல்லைன்னு சாதிச்சிருப்பேன்."

"சத்தம் போடுறது எனக்கு எங்கண்ணே வரும்? இருட்டுல உக்காந்து வேலை பாக்கிறவன்."

"எப்ப இருந்து மறுபடி வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர் மனைவி.

"திங்கக்கிழமை, அக்கா."

"முதல் நாள் நாடகத்துக்கு நாங்க வர்றோம். இவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு லைட்டு விடாம பாக்கப் போறேன்."

விளக்குக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மனைவி கண்ணாடியில் பின்னால் பார்த்து, கையை வெளியே காட்டி, நெரிசலுக்குள் வண்டியை மெதுவாக இறக்கினாள்.