திசைக்கு வாரன்டி இல்லை

சாவிக்காரர் வாங்கிய புது மோட்டார் சைக்கிள், வாங்கின இடத்தைப் பார்த்து மட்டும்தான் ஓடியது. ஷோரூம் இருக்கும் பக்கம் முன்சக்கரத்தைத் திருப்பினால் சாவி போடுவதற்கு முன்பே உறுமும். வேறெந்தப் பக்கம் திருப்பினாலும் கிழட்டு நாய் மாதிரி இரண்டு தும்மல் போட்டுவிட்டு அடங்கிவிடும். ஊரில் பாதிப் பூட்டுகளுக்கு மாற்றுச்சாவி அறுத்துக் கொடுத்தவர் வாசலில், சாவியே வேண்டாமென்று சொல்லும் ஒரு வண்டி நிற்பது தொழிலுக்கே அவமானம் என்று பொருமினார். அவர் கடை ஷோரூமுக்கு எதிர்த்திசை. காலையில் கடைவரை தள்ளிக்கொண்டு போவார். சாயங்காலம் ஏறி உட்கார்ந்து ராஜா மாதிரி வருவார். வீட்டு வாசலில் பிரேக்கை நசுக்கிப் பிடித்துக் கீழே குதிக்காவிட்டால் வண்டி நேரே ஷோரூமில் கொண்டுபோய்த்தான் விடும். தள்ளித் தள்ளியே அவருடைய கெண்டைக்கால்கள் பூசணிக்காய் பருமனுக்கு வந்துவிட்டன. தையல்காரியான அவர் மனைவி, கால்சட்டைகளையெல்லாம் முழங்காலுக்குக் கீழே பிரித்துத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

வண்டி வாங்கியதே அந்த அம்மாளுக்காகத்தான். கல்யாணமான புதிதில் கடலை ஒரு தடவை பார்க்கணும் என்று கேட்டிருந்தார். அடுத்த மாசம் போகலாம் என்றார் இவர். அந்த அடுத்த மாசம் வருவதற்குள் மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போய், பேரனுக்குப் பல்லும் முளைத்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால் அம்மாளுக்குத் தெருமுனை தாண்டுவதற்குள் குமட்டும். ஒருநாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் மூன்றாவது தடவையும் தவறவிட்டவர், "ஏங்க, கண்ணு நல்லாத் தெரியும்போதே அதைப் பாத்துட்டா தேவலை" என்றார். குரலில் குறையே இல்லை. அதுதான் சாவிக்காரரை அடித்துப் போட்டது. மறுநாளே ஷோரூமில் போய் நின்றார். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கடலோரத்து ஷோரூமிலேயே வாங்கியிருப்பார்.

ஷோரூமின் சர்வீஸ் பொறுப்பாளருக்கு ஊர் வைத்த பெயர் பாத்துடலாம். எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். ஹார்ன் அடிக்கவில்லையா, பாத்துடலாம் சார். கூரை ஒழுகி உங்கள் தலையில் சொட்டுகிறதா, பாத்துடலாம் சார். சாவிக்காரர் வண்டியைக் கொண்டுபோனபோதெல்லாம் தண்ணீர் அடித்துப் பளபளவென்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பெட்ரோலைக் குறை சொன்னார்கள், பிறகு சாலையை, பிறகு சாவிக்காரர் உட்காரும் விதத்தை. ஒரு தடவை பாத்துடலாமே வண்டியில் ஏறி வடக்கே போய், தெற்கே வந்து, எட்டு போட்டுக் காட்டிவிட்டு இறங்கினார். "நான் ஓட்டினா ஓடுதே சார்?"

"நீங்க இறங்கினதும் நிக்குதேய்யா."

"அப்ப வண்டியில குறை இல்லை சார். எஞ்சினுக்கு ரெண்டு வருஷம் வாரன்டி உண்டு. திசைக்கு வாரன்டி கிடையாது."

சாவிக்காரர் மேஜையைத் தட்டிய தட்டில் மூன்று தெரு தாண்டிக் கடிகாரங்கள் நின்றுபோயின. புது வண்டி வாங்காமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே சபதம் போட்டார்.

ஒரு விடுமுறை நாளில்தான் விஷயம் வெளிப்பட்டது. வண்டியில் உட்கார்ந்தவரை அது ஷோரூமுக்குக் கொண்டுபோகாமல், முடிதிருத்தும் கடைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. உள்ளே முகம் முழுக்க நுரையோடு பாத்துடலாம். அடுத்த வாரம் பல் டாக்டர் வாசல். அதற்கடுத்த வாரம் பாத்துடலாமின் மாமியார் வீட்டு அடுக்களை. அம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "அது கடையைத் தேடலைங்க, அந்த ஆளைத் தேடுது. வண்டியைக் குடுத்த அன்னிக்கு சீட்டைத் தட்டி என்ன சொன்னாரு? எந்தப் பிரச்சினைன்னாலும் நேரா எங்கிட்ட வந்துடுங்கன்னாரு. நாம சும்மா சொல்றார்னு விட்டுட்டோம். அது நம்பிடுச்சு."

பாத்துடலாம் மாற்றல் கேட்டு மலையூர்க் கிளைக்கு ஓடினார். கிளை திறந்த அன்றே வாசலில் வண்டி நின்றது. பின்சீட்டில், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு அம்மாள். வாழ்நாளில் முதல்முறையாகப் பனிமூட்டத்தைப் பார்த்தவர் அதைக் கையால் விலக்கிப் பார்த்துச் சிரித்தார். சாவிக்காரர் உள்ளே புது வண்டி கேட்டுத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வாரக்கடைசியில் பாத்துடலாம் குடும்பத்தைப் பார்க்கப் பஸ் ஏறினால், இவர்களும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வீடு வந்து சேர்வார்கள். அடுத்து அணைக்கட்டு ஊருக்கு மாற்றல், அங்கும் போனார்கள். அங்கிருந்து சுரங்க ஊர். கடைசியில், இதற்கு மேல் மாற்றல் கேட்கத் தரையே இல்லை என்கிற ஓர் ஊர்க் கிளைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, வாரன்டியில் இன்னும் ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

சாவிக்காரரின் மூளையில் அந்தக் கடைசி நாளைத் தவிர வேறெதுவும் இல்லை. மணல் வந்தது தெரியவில்லை, உப்புக்காற்று முகத்தில் அறைந்ததும் தெரியவில்லை. தண்ணீருக்குள் வண்டி வராது என்ற தைரியத்தில் பாத்துடலாம் இடுப்பளவு அலையில் நின்றிருந்தார். வண்டி நேரே தண்ணீருக்குள் இறங்கி, ஹெட்லைட் நனையும்வரை போய், அவர் முழங்காலை முட்டி நின்றது. எஞ்சின் அணையக்கூட இல்லை. அவர் அழுதேவிட்டார். "சார், கம்பெனி ஒத்துக்கிச்சு. காலையிலதான் போன் வந்துது. புது வண்டி தர்றாங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் போகும். கை நீட்டி வாங்கிக்கங்க, என்னை விட்டுடுங்க."

இரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. சாவிக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது பின்சீட்டில் கனம் இல்லாதது உறைத்தது. திரும்பினார். அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, ஊசிக் காதைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கி, வானமும் தண்ணீரும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தையலே தெரியலைங்க" என்றார்.

எல்லாப் பக்கமும் போகிற வண்டி கிடைத்தால் நாளையிலிருந்து தான் எங்கே போவோம் என்று சாவிக்காரருக்கு நன்றாகத் தெரியும். கடைக்கு. கடையிலிருந்து வீட்டுக்கு. மற்றதெல்லாம் அடுத்த மாசம்.

பாத்துடலாமின் ஈரத்தோளில் கையை வைத்தார். "பாத்துடலாம் சார்" என்றார்.

வாரன்டி மறுநாள் முடிந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. கம்பெனி யோசித்துப் பார்த்து, பாத்துடலாமை ஊர் ஊராகப் போய்க் கிளைகளைப் பார்வையிடும் வேலையில் போட்டது. இப்போதெல்லாம் எந்த ஊரிலாவது தோள்பையோடு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கினால், எதிரிலிருக்கும் டீக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் மூன்று டம்ளர்களைக் கழுவி வைக்கிறார். டீ ஆறுவதற்குள் மற்ற இருவரும் வந்துவிடுகிறார்கள்.